கீழ்க் கொடுப்புப் பல் ஒன்று இல்லை: பிரிட்ஜா, இம்பிளான்டா?

வெள்ளவத்தைமகள்:
அம்மாவுக்கு 58 வயது. கீழ் வலப்பக்க முதல் கொடுப்புப் பல்லைக் (பல் வைத்தியர் இலக்கம் 46) கழற்றி இரண்டு வருசம். அதற்கு முன்னால் உள்ள 45இல் சூத்தையே இல்லை. பின்னால் உள்ள 47இல் பெரிய அடைப்பு, வெற்றிடத்துப் பக்கம் சரிந்தும் இருக்கு. ஒரு கிளினிக்கில் இரண்டு கிழமையில் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்கள் இரண்டையும் செதுக்கி, அவற்றில் மாட்டும் பொய்ப்பல்) என்கிறார்கள், மற்றதில் இம்பிளான்ட் (எலும்புக்குள் திருகு வைத்து அதன்மேல் பூட்டும் பல்). நீரிழிவு உண்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு) 7.2. எலும்புத் தேய்வுக்கு கிழமைக்கு ஒரு அலென்ட்ரோனேட் குளிசை. கொழும்பு வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரியிலும் காட்ட யோசிக்கிறோம். அங்கே என்ன கேட்க வேண்டும்?

கடைவாய்:
விலையை ஒதுக்கிவிட்டு பக்கத்துப் பற்கள் இரண்டையும் பாருங்கள். 47க்கு எப்படியும் ஒரு கிரவுண் (பல்லை மூடும் உறை) தேவைப்படும், அதைச் செதுக்குவதில் நட்டமில்லை. பிரச்சினை 45தான். பிரிட்ஜுக்காக அதன் சுற்றுப்பக்கம் 1 முதல் 1.5 மிமீ, மேற்பக்கம் 1.5 முதல் 2 மிமீ செதுக்குவார்கள். போன எனாமல் திரும்ப வராது. இப்படிச் செதுக்கிய பற்களில் சிலவற்றுக்கு சில வருசத்தில் வேர் சிகிச்சை வரும்.

47 சரிந்திருப்பதும் சும்மா விசயமில்லை. இரண்டு தூண் பற்களும் ஒரே திசையில் நிமிர்ந்திருந்தால்தான் பிரிட்ஜ் நேராக இறங்கும். சரிந்த பல்லை நிமிர்த்துவதுபோல் செதுக்கினால் ஒரு பக்கம் நரம்புக்குக் கிட்டப் போய்விடும். "47ஐ எவ்வளவு செதுக்குவீங்கள்?" என்று நேரே கேளுங்கள்.

இம்பிளான்டுக்கு முப்பரிமாண எக்ஸ்ரே (சிபிசிடி) எடுக்காமல் யாரும் தேதி தரக்கூடாது. 4 மிமீ திருகுக்கு இரு புறமும் 1.5 மிமீ எலும்பு என்றால் அகலம் 7 மிமீ. கீழே ஓடும் நரம்புக் குழாயிலிருந்து 2 மிமீ இடைவெளி. பல் கழற்றி இரண்டு வருசமானால் கன்னப் பக்க எலும்பு ஒடுங்கியிருக்கும், எலும்புத்தூள் வைக்க வேண்டி வரலாம். திருகு வைத்தபின் கீழ்த்தாடையில் ஏறக்குறைய 3 மாதம் எலும்பு பிடிக்க விட்டுத்தான் பல் பூட்டுவார்கள். அவசரப்பட்டால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் சுற்றி வளரும், திருகு ஆடும்.

முரசுபார்ப்பவர்:
எச்பிஏ1சி 7.2 தடையில்லை. 8க்கு மேல் ஏறினால் பலர் தள்ளிப்போடுவார்கள். அலென்ட்ரோனேட்தான் முதலில் சொல்ல வேண்டிய விசயம்: எத்தனை வருசமாக என்று கட்டாயம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து குளிசையில் குறைவுதான், ஆனால் பாவிக்கும் வருசம் கூடக் கூட ஏறும். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரோடு பல் வைத்தியர் கதைக்கட்டும். அம்மா வெற்றிலை போடுவாவா? போட்டால் அதையும் சொல்லுங்கள்.

லாப்காரன்:
இரண்டும் எப்படிப் பழுதாகும் என்று தெரிந்தால் தெரிவு சுலபம். பிரிட்ஜ் ஒரு முனையில் சீமெந்து கரைந்து கழன்றாலும் மற்ற முனை பிடித்துக்கொண்டிருக்கும். நோவிருக்காது, உள்ளே சூத்தை ஓடும். சோதிக்கும் வழி: பிரிட்ஜின் ஓரத்தை எச்சிலால் ஈரமாக்கி, விரலால் மேலும் கீழும் அசைக்க வேண்டும். முரசு (ஈறு) ஓரம் குமிழி வந்தால் அந்தப் பக்கம் கழன்றுவிட்டது. இடைப்பல்லின் அடியில் ஒவ்வொரு இரவும் சூப்பர் ஃப்ளாஸ் (முனை விறைப்பான பல்லிடுக்கு நூல்) ஓட்ட வேண்டும், சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து போகாது.

இம்பிளான்டில் பொதுவாக முதலில் வருவது, எலும்புத் திருகோடு பல்லைப் பூட்டும் சின்னத் திருகு தளர்வது. அதனால் சீமெந்தால் ஒட்டிய பல் வேண்டாம், கழற்றித் திரும்ப இறுக்கக்கூடிய, திருகால் பூட்டிய பல் கேளுங்கள். முரசுக்குள் மிஞ்சிய சீமெந்து சுற்றி எலும்பைத் தின்னும். திருகுத் துளையை டெஃப்லோன் நாடாவால் அடைத்து மேலே பூச்சு வைப்போம். குழாய் வேலைக்காரர் சுற்றும் அதே நாடாதான், சிரிக்க வேண்டாம். அந்தச் சின்னத் திருகைக் கம்பனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 30 முதல் 35 நியூட்டன் சென்ரிமீற்றர், டோர்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) இறுக்க வேண்டும். கம்பனி, விட்டம், தொகுதி இலக்கம் எழுதிய அட்டையை வாங்கி வையுங்கள். பத்து வருசம் கழித்து தளர்ந்தால் எந்த ஸ்க்ரூட்ரைவர் பொருந்தும் என்பது அதில்தான் இருக்கும்.

வெள்ளவத்தைமகள்:
நன்றி. வெற்றிடத்துக்கு நேர் மேலே உள்ள பல் 16 கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு. அது பிரச்சினையா?

கடைவாய்:
ஓம், இரண்டுக்கும். முரசிலிருந்து மேல் பல் வரை 7, 8 மிமீ இல்லாவிட்டால் பொருத்தும் பல் மெல்லியதாகி உடையும். கொஞ்சம் இறங்கியிருந்தால் 16இன் முனையை உரசுவார்கள், கூடுதலென்றால் அதற்கும் ஒரு கிரவுண். அதன் செலவையும் இப்போதே கணக்கில் போடச் சொல்லுங்கள்.