பீர் உணவகத்தில் ஒயின் கேட்டவளின் அனுபவம்

பீர் எனக்குச் சேராது. கூட வரும் நண்பர்களுக்கோ பீர் இல்லாமல் ஆகாது. அதனால் பெங்களூரில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் உணவகங்களுக்குப் போனால், மேசையில் ஒயின் கேட்பவள் பெரும்பாலும் நான் ஒருத்திதான். ஒயின் பட்டியல் நீளமாக இருந்தால் நல்ல இடம் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை.

இந்திராநகரில் ஓர் இடத்தில் ஒயினுக்கு மட்டும் இரண்டு பக்கம். பிரான்ஸ், இத்தாலி, சிலி, ஆஸ்திரேலியா எல்லாம் இருந்தன. கிளாஸ் கணக்கில் என்ன கிடைக்கும் என்று கேட்டதும் அத்தனை நாடும் காணாமல் போய், “ரெட்டா ஒயிட்டா மேடம்?” என்பது மட்டும் மிஞ்சியது. எந்த ரெட் என்றேன். பார்த்துச் சொல்வதாகப் போன தம்பி கையில் கிளாஸோடு வந்து நின்றார். பார் விளக்குக்கு நேர் கீழே வைத்திருந்த பாட்டில். வெதுவெதுப்பாக இருந்தது, முகர்ந்தால் வினிகர் வாடை. எப்போது திறந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வார இறுதியில் பீப்பாய் பீர் மளமளவென்று காலியாகும். ஒயின் கேட்பவர்கள் நாலு பேர்தான். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். அந்த ஐந்தும் போவதற்குள் வாரம் ஓடிவிடும். திறந்த ரெட்டை மூடிக் குளிரில் வைத்தாலே மூன்று முதல் ஐந்து நாள்தான் தாங்கும். வெளியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் இப்போதெல்லாம் திராட்சை வகையைக் கேட்பதற்கு முன் பாட்டில் திறந்த நாளைக் கேட்டுவிடுகிறேன்.

வைட்ஃபீல்டு பக்கம் இன்னோர் இடத்தில் மொத்தமே ஐந்தாறு ஒயின், எல்லாம் நாசிக், நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு. திறந்த பாட்டிலின் கழுத்தில் டேப் ஒட்டி மார்க்கரால் தேதி போட்டிருந்தார்கள். ரெட்டும் ஃபிரிட்ஜில்தான். மிளகாய் தூக்கலாகச் சிக்கன் சொல்லியிருந்தோம். “இதுக்கு ரெட் வேண்டாம் மேடம், காரம் இன்னும் எரியும்” என்று பரிமாறிய பெண்ணே சொல்லி, லேசாக இனிக்கும் செனின் பிளாங்க் என்ற ஒயிட்டைக் கொண்டுவந்தார். அவர் சொன்னது சரி. ரெட்டின் துவர்ப்பு காரத்தை ஏற்றிவிடும். எண்ணெய், உப்பு, காரம் என்று போகும் பீர்க்கடைச் சாப்பாட்டுக்கு இனிப்பு எட்டிப் பார்க்கும் ஒயிட்டோ நுரைக்கும் ஒயினோதான் எடுபடும். அதை யோசித்து ஒயின் வாங்கிப்போடுகிறவர்கள் குறைவு.

வேலையாக ஜெர்மனி போனபோது பாம்பெர்க்கில் பார்த்தது வேறு விதம். பீச் (beech) மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய தானியத்தில், செய்யும் பீருக்குப் பேர்போன ஊர். விடுதி மெனுவின் கடைசியில் ஒயினுக்கு நாலே வரி. ஆனால் அதில் அந்த ஃபிராங்கோனியா வட்டாரத்துச் சில்வானர் என்ற ஒயிட் இருந்தது. 1659-லேயே காஸ்டெல் என்ற ஊரில் நட்ட திராட்சை வகை அது. வயிறு தட்டையான பாட்டிலில் வரும். கிளாஸிலேயே 0.2 லிட்டருக்குக் கோடு போட்டிருக்கிறது, குறைத்து ஊற்ற வழியில்லை. இனிப்பே இல்லாத அந்த ஒயினுக்கும் வறுத்த பன்றிக்கறிக்கும் அப்படி ஒரு பொருத்தம். பக்கத்து மேசைகளிலும் அதையே குடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் பழசாக எங்கே நேரம்?

அப்புறம், குழாய் ஒயின். பாட்டில் இல்லாமல், பீர் போலவே கெக் என்கிற உலோகப் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றுவது. லண்டனில் ஒரு பீர் பாரில் குடித்தேன், குறை சொல்ல முடியவில்லை. 20 லிட்டர் கெக்கில் 26 பாட்டிலுக்கு மேல் பிடிக்கும். நைட்ரஜனால் தள்ளுவதால் காற்றுப் படாது, கடைசி கிளாஸ் வரை ருசி மாறாது. பீருக்குப் போலக் கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் வைத்துத் தள்ளினால் ஒயினில் குமிழி ஏறிவிடும். வாயுவைப் பார்ப்பதும் குழாயைக் கழுவுவதும் பீர்க்காரர்களுக்குப் பழகிய வேலைதானே, நம் ஊர் ஆட்கள் ஏன் இதில் இறங்கவில்லை என்று புரியவில்லை. பெங்களூரில் ஒழுங்காகக் குழாய் ஒயின் தரும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை.