புதுப்பிப்பு: சென்னையிலிருந்து ஊட்டிக்குக் காரில், அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு

ஊட்டிக்கு ஒரே மூச்சில் காரோட்டிப் போய்விடலாமா, வழியில் தங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. தங்குவதென்று முடிவாகிவிட்டது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அம்மாவின் மூட்டுவலிக்கு அது ஒரே நாளில் ஆகிற காரியமில்லை. உளுந்தூர்பேட்டை, சேலம் வழியாகப் போய் மேட்டுப்பாளையத்தில் இரவுத் தங்கல், விடிந்ததும் மலையேற்றம்.

ஊட்டிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதியான இ-பாஸ் எடுத்தாயிற்று. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நீலகிரியில் தடை என்று சொன்னதுதான் தாமதம், அம்மா பரணிலிருந்து எவர்சில்வர் கூஜாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். இனி அது இல்லாமல் வண்டி கிளம்பாது!

திரும்பும்போது மைசூரையும் பார்த்துவிடலாம் என்று மைத்துனர் அடம்பிடிக்கிறார். மைசூருக்குக் குறுக்கு வழியான, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. ஆகவே கூடலூர், முதுமலை வழிதான். அந்த வழியில் வரும் பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவதால், மதிய உணவுக்கு முன்பே ஊட்டியை விட்டுவிட வேண்டும். மைத்துனர் நேரத்துக்குக் குளித்துக் கிளம்பினால் பார்க்கலாம்.

இன்னும் தீராதது ஒன்று: சின்னவளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். குன்னூர் ஏறும்வரை வெறும் வயிறா, இரண்டு இட்லியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.