மலையில் ராஸ்பெர்ரி பை 4 ரவுட்டர்: ஃபேன் வேண்டுமா, அலுமினியப் பெட்டி போதுமா?

தேயிலைச்சரிவு (கோத்தகிரி)
வணக்கம். எங்கள் ஹோம்ஸ்டேவில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. ஒரு விருந்தினர் போட்டோக்களை அப்லோட் செய்ய ஆரம்பித்தால் போதும், பக்கத்து அறையில் வீடியோ மீட்டிங்கில் இருப்பவரின் குரல் விட்டுவிட்டு வரும். அதனால் இணைப்போடு வந்த பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றிவிட்டு, கையில் இருந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டில் ரவுட்டருக்கான ஓப்பன் டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றி அதையே ரவுட்டராக்கியிருக்கிறேன். இரண்டாவது போர்ட்டுக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர். ஒருவர் டேட்டா மற்றவரை அடைக்காதபடி வரிசைப்படுத்தும் கேக் கியூவை லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்கு வைத்ததும் மீட்டிங் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இப்போது போர்டு வெறுமனே அலமாரியில் கிடக்கிறது. ஒரு பெட்டி வாங்க வேண்டும். முழு அலுமினியப் பெட்டி, ஃபேன் கிடையாது. அல்லது பிளாஸ்டிக் பெட்டி, 30 மில்லிமீட்டர் ஃபேனோடு. ஒயர்கள் எல்லாம் மேலே போவதால், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒயரிங் செய்யும் மாமா, ஃபேன் இல்லாவிட்டால் சிப் கருகிவிடும் என்கிறார். உங்கள் கருத்து?

குன்னூர்க்கணக்கு
ஃபேன் வேண்டாம். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு கேக் ஓட்டுவதில் பை 4-க்கு வேர்க்கவே வேர்க்காது. ரவுட்டர் வேலையில் அது இழுப்பது மூன்றிலிருந்து ஐந்து வாட்டுக்குள் இருக்கும். ஒரு நைட் லேம்ப் அளவு வெப்பத்தை உள்ளங்கை அகல அலுமினியமே வெளியேற்றிவிடும். சிப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேடு பிளாஸ்டிக் தாளோடு வரும். இரண்டு பக்கத் தாளையும் உரித்துவிட்டு ஒட்ட வேண்டும்.

மாமாவிடம் சொல்லுங்கள், சிப் கருகாது. 80 டிகிரியை நெருங்கியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 85-ல் இன்னும் கடுமையாகக் குறைக்கும்.

மசினகுடிவெயில்
வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை ஆறுதலாகச் சொல்கிறீர்களே, ரவுட்டரில் அதுதான் பிரச்சினையே. சாயங்காலம் எல்லா அறையும் நிரம்பியிருக்கும்போது வேகம் குறைந்தால் விருந்தினர் திட்டப்போவது அவரைத்தான்.

இன்னொன்று, மலையில் காற்று லேசு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. ஃபேன் இல்லாத பெட்டி முழுக்க முழுக்கக் காற்றை நம்பி நிற்கிறது. அந்தக் காற்றே மெலிந்திருக்கும் இடத்தில் சென்னைக்காரர்கள் போடும் டெஸ்ட் முடிவுகளைக் காட்டி ஃபேன் வேண்டாம் என்று சொல்வது சரியில்லை.

குன்னூர்க்கணக்கு
நல்ல கேள்வி, கணக்கிட்டே பார்த்துவிடலாம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அடர்த்தி ஏறக்குறைய 16 சதவீதம் குறையும். ஆனால் வெப்பம் வெளியேறுவது அதே 16 சதவீதம் குறையாது. சூடான காற்று தானாக மேலெழும் வெப்பச்சலனத்தில் அது அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் போகும், அதாவது 8 அல்லது 9 சதவீதம். கடல் மட்டத்தில் அறையைவிட 30 டிகிரி கூடுதலாகச் சுடும் பெட்டி இங்கே 33 டிகிரி கூடுதலாகச் சுடும். நட்டம் 3 டிகிரி. லாபம்? சென்னையில் அறை 32 என்றால் கோத்தகிரியில் பெரும்பாலான நாட்கள் 20-ஐ ஒட்டி. 3 கொடுத்து 12 வாங்குகிறோம்.

பெட்டியிலிருந்து கதிர்வீச்சாகவும் கொஞ்சம் வெப்பம் போகும், அதற்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பளபளக்கும் வெறும் அலுமினியத்தைவிடக் கறுப்பு அனோடைஸ் செய்த பெட்டியே நல்லது. பளபளப்பான உலோகம் கதிர்வீச்சில் கஞ்சன்.

மசினகுடிவெயில்
கணக்கு சரி, அறை 20 டிகிரி என்பதில்தான் தகராறு. அவர் வைக்கப்போவது அறையில் இல்லை, தகரக் கூரைக்கு அடியில். மலை வெயிலைச் சில்லென்ற காற்றை வைத்து எடை போடக்கூடாது. மார்ச், ஏப்ரல் மதியத்தில் அந்தத் தகரத்தில் கை வைத்துப் பாருங்கள். பரண் 40-ஐத் தொட்டால் உங்கள் 33-ஐக் கூட்டி 73. அதற்கு மேல் விபிஎன்னும் விளம்பரத் தடுப்பும் ஓடினால்?

நீலகிரி என்றால் எல்லாரும் ஊட்டியையே நினைக்கிறீர்கள். மசினகுடி மழைமறைவுப் பக்கம். எங்கள் ஊர்க் கோடைக்கும் கோத்தகிரிக் கோடைக்கும் சம்பந்தமே கிடையாது. என் ரவுட்டரில் ஃபேன் இருக்கிறது, 60 டிகிரியில் சுழல ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறேன். மற்ற நேரம் சத்தமே கிடையாது.

பூண்டுத்தோட்டம் (பூம்பாறை)
கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பரணில் மட்டும் வைக்காதீர்கள் தம்பி. மதிய வெப்பத்தைவிட விடியற்காலைதான் அங்கே ஆபத்து. டிசம்பர், ஜனவரியில் வெளியே பனி விழும்போது தகரம் ஜில்லிட்டுப்போகும். வீட்டுக்குள்ளிருந்து மேலே போகும் ஈரக்காற்று அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து, விடிந்ததும் ஒன்றுசேர்ந்து சொட்டும். எங்கள் வீட்டில் ஆணி அடித்த வரிசைக்கு நேர்கீழே பலகையில் கறை வரிசையாக இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் ஃபேனும் காப்பாற்றாது, அலுமினியமும் காப்பாற்றாது.

ஃபேன் பற்றி: எங்களுடையது விறகடுப்பு வீடு. ஃபேன் இருந்த பெட்டியைத் திறந்தபோது இறக்கைகளில் கரியும் தூசியும் பிசினாக ஒட்டியிருந்தன. துணியால் துடைத்தால் வரவில்லை, குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. உங்கள் பக்கம் டீ ஃபேக்டரி இருந்தால் தேயிலைப் பஞ்சும் சேரும். நான் ஃபேன் இல்லாத பக்கம்.

குன்னூர்க்கணக்கு
அக்கா ஈரத்தைப் பற்றிச் சொன்னது முக்கியம். பெட்டி சூடாக இருப்பதை எல்லாரும் கெடுதலாகவே பார்க்கிறோம். மூடுபனி நாளில் 14 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 100 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று 40 டிகிரி இருக்கும் பெட்டிக்குள் வந்து சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 22 சதவீதம். போர்டு தன்னைத் தானே காயவைத்துக்கொள்கிறது. ஃபேனைப் போட்டு அந்தச் சூட்டை விரட்டுவானேன்?

மசினகுடிவெயில்
அதே கணக்கை முழுவதும் போடுங்களேன். ஃபேன் ஓடி போர்டு 28 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரப்பதம் 42 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அதுவும் காய்ந்த காற்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் ஃபேனால் ஈரம் சேராது. ஈரம் சேர்வது கரண்ட் போய் போர்டு ஆறிக் கிடக்கும்போது. இரவு முழுக்க ஆறிய போர்டின் மேல், காலையில் குளியலறைக் கதவு திறந்து வெந்நீர் ஆவி வந்தால் அப்போதுதான் படியும். அதற்கும் ஃபேனுக்கும் சம்பந்தம் இல்லை.

குன்னூர்க்கணக்கு
28 டிகிரிக் கணக்கு சரிதான், ஓடும் போர்டில் ஃபேனால் ஈரம் சேராது என்பதை ஏற்கிறேன். என் மறுப்பு தூசியிலும் தேய்மானத்திலும் நிற்கிறது. 60 டிகிரி வந்தால்தான் சுழலும் ஃபேன் கோத்தகிரியில் மாதக்கணக்கில் சுழலாமல் ஈரக்காற்றில் கிடக்கும். 30 மில்லிமீட்டர் ஃபேன்களில் பெரும்பாலும் மலிவான ஸ்லீவ் பேரிங். கிடந்து கிடந்து இறுகிப்போய், தேவைப்படும் அன்று சுழலாமல் நிற்கும். இருக்கிறது என்று நம்பி இல்லாமல் போவதற்கு, முதலிலேயே இல்லாமல் வடிவமைப்பது மேல்.

இரட்டைப்போர்ட்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் சிப்பையே பார்க்கிறீர்கள், யூஎஸ்பி லேன் அடாப்டரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது மூடிய பிளாஸ்டிக் குப்பி, கொதிக்கும். சூடேறி லிங்க் அறுந்து ஒட்டினால் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு லாகின் ஆகும் இணைப்பு) திரும்ப டயல் ஆக வேண்டும், மீட்டிங் போச்சு. பை-க்கு எந்தப் பெட்டி போட்டாலும் இது தீராது.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு பை-யே பொருத்தமில்லை. நானோபை ஆர்4எஸ் மாதிரி இரண்டு கிகாபிட் போர்ட்டோடு, பெட்டியே ஹீட்சிங்காக (வெப்பம் வெளியேற்றும் உலோகமாக) வரும் போர்டு இருக்கிறது. ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமே 2024-ல் சொந்தமாக ஒரு ரவுட்டரை வெளியிட்டது, அதில் ஒரு 2.5 கிகாபிட் போர்ட்டும் ஒரு கிகாபிட் போர்ட்டும் வைஃபையும் சேர்ந்தே வரும்.

குன்னூர்க்கணக்கு
கையில் பை இருக்கும்போது புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். வீலான் (ஒரே கேபிளில் இரண்டு நெட்வொர்க்கைப் பிரித்து ஓட்டும் முறை) தெரிந்த ஒரு சின்ன மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி, பை-யின் ஒரே கிகாபிட் போர்ட்டில் இரண்டு பாதையையும் ஓட்டலாம். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது தாராளம். அடாப்டரைக் கழற்றிவிடலாம். ஆனால் வைஃபைக்கு வேறு வழி வேண்டும். அலுமினியப் பெட்டிக்குள் போனால் பை-யின் வைஃபை மங்கிவிடும், மலை வீட்டுக் கல்சுவருக்கு அது முன்பும் போதாது. தனி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள்.

தேயிலைச்சரிவு
பரண் யோசனையைக் கைவிட்டுவிட்டேன் அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். சிப்பின் வெப்பத்தைக் காட்டும் கோப்பில் 58426 என்று வருகிறது, ஆயிரத்தால் வகுத்தால் 58 டிகிரி, பெட்டி இல்லாமல். ஆனால் த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்டால் 50005 என்கிறது. வேகம் குறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மசினகுடிவெயில்
பார்த்தீர்களா, இப்போதே த்ராட்டில் ஆகிறது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

குன்னூர்க்கணக்கு
58 டிகிரியில் வெப்பத்தால் வேகம் குறையாது. 50005-ஐப் பிரித்துப் பாருங்கள். கடைசி 5 என்பது 4-ம் 1-ம். 4 என்றால் இப்போது வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 1 என்றால் இப்போது மின்னழுத்தம் போதவில்லை. முதல் 5, இதே இரண்டும் பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்திருக்கிறது என்று சொல்கிறது. வெப்பம் மட்டுமே காரணம் என்றால் அந்த 1 வராது. போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது வருவது அது.

எந்த சார்ஜரில் ஓடுகிறது?

தேயிலைச்சரிவு
பழைய போன் சார்ஜர், நீளமான கேபிள். லைன் வோல்டேஜ் இங்கே சாயங்காலம் இறங்கும், அதனாலா?

பூண்டுத்தோட்டம் (பூம்பாறை)
அதனால் இல்லை தம்பி. நல்ல அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எதையும் வாங்கி 5 வோல்ட் கொடுக்கும். மெல்லிய நீளக் கேபிள்தான் வோல்டேஜை வழியிலேயே தின்கிறது. பை 4-க்கென்று வரும் 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரைப் போடுங்கள், கேபிள் அதோடு சேர்ந்தே வரும்.

யூபிஎஸ் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். மினி யூபிஎஸ்களில் 12 வோல்ட் வாய் ஃபைபர் பெட்டிக்குச் சரியாக இருக்கும். அதே யூபிஎஸ்ஸின் 5 வோல்ட் யூஎஸ்பி வாய் பலவற்றில் 2 ஆம்பியர்தான், பை-க்குப் பத்தாது. நான் 12 வோல்ட்டிலிருந்து தனி பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு) வைத்து 5 எடுக்கிறேன். போர்டு அணையாமல் இருந்தாலே ஈரப் பிரச்சினை பாதி போய்விடும், மசினகுடி அண்ணன் சொன்ன அதே காரணம். எஸ்டி கார்டில் ஸ்குவாஷ்எஃப்எஸ் (படிக்க மட்டும் முடிகிற) இமேஜ் போட்டிருந்தால் திடீரென்று கரண்ட் போனாலும் மூல சிஸ்டம் கெடாது.

மாட்டும் விதம்: வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர். பெட்டியைச் செங்குத்தாக மாட்டுங்கள், சூடான காற்று உரசிக்கொண்டு மேலே போக வழி கிடைக்கும். போர்ட்டுகள் கீழ்நோக்கி இருக்கட்டும். கேபிளை நேராக இழுக்காமல் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், நீர் வழிந்து வந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும். தோட்டத்துக் காட்டேஜுக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் அதையும் ஃபைபராக மாற்றிவிடுங்கள். கோடை மழை இடி அந்தச் செம்புக் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

தேயிலைச்சரிவு
அடாப்டர் மாற்றி ரீபூட் செய்துவிட்டேன். இப்போது 0 காட்டுகிறது. சாயங்காலக் கூட்டத்திலும் 0 தான். சுவிட்சும் கறுப்பு அலுமினியப் பெட்டியும் ஆர்டர் போட்டாகிவிட்டது. ஃபேன் இல்லாமல் ஆரம்பிக்கிறேன், ஹால் உள்சுவரில்.

மசினகுடிவெயில்
50005 விஷயத்தில் குன்னூர்க்காரர் சொன்னது சரி. ஆனாலும் மழைக்கால அளவை வைத்து வருஷம் முழுதுக்கும் முடிவு கட்டாதீர்கள். ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்கு, எல்லா அறையும் நிரம்பியிருக்கும் ஒரு நாளில், வெப்ப அளவை எடுத்து இங்கே போடுங்கள். 70-ஐத் தாண்டினால் 40 மில்லிமீட்டர் பால் பேரிங் ஃபேன் ஒன்றைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே ஊதும்படி பொருத்தலாம், தூசி உள்ளே போகாது. தாண்டாவிட்டால் உங்கள் பெட்டி அப்படியே இருக்கட்டும். மசினகுடியில் என்னுடையதில் ஃபேன் இருக்கும், அதைக் கழற்ற மாட்டேன்.