உதவி: பூனைக்குக் கசப்புக் குளிசையை எதில் கலந்து கொடுப்பது?

கடலோரக்கிளி, ஞாயிறு இரவு 8.40
வணக்கம். எங்கள் பூனைக்கு டொக்டர் குளிசை எழுதித் தந்தார். வாயில் வைத்ததும் துப்புகிறது. இடித்துப் பாலில் கரைத்து வைத்தோம், ஒரு நக்கு நக்கியதோடு வாயெல்லாம் நுரை, கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. சுவைக்கு எதைச் சேர்த்தால் தானாகக் குடிக்கும்? 10 மணிக்கு அடுத்த வேளை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், கையெல்லாம் கீறல்.

தெஹிவளை பாலா, 8.46
மாசி. வேறு ஒன்றும் தேவையில்லை. நல்ல மாசி மீன் துண்டாகப் பார்த்து வாங்கி, இடித்துத் தூளாக்கி, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரில் மருந்தைக் கரையுங்கள். பூச்சி மருந்து என்றால் எங்கள் வீட்டுக் கடுவன் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். மாசி மணம் வந்தால் இறங்கி வந்து காலைச் சுற்றும்.

கொட்டாஞ்சேனை மாமி, 8.51
பிள்ளை, தேனில் குழைத்து நாக்கில் தடவி விடுங்கள். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எந்தக் குளிசையையும் இடித்துத் தேனில்தான் கொடுத்தேன், ஒருவரும் துப்பியதில்லை. தேன் கசப்பை மூடிவிடும்.

பேராதனை மாணவி, 8.57
அக்கா, என்ன குளிசை? எத்தனை மில்லிகிராம்? பூனையின் நிறை, வயது? என்ன வருத்தம்? வழக்கமாக என்ன சாப்பிடும், இன்று சாப்பிட்டதா? சில குளிசைகளை இடிக்கவே கூடாது. சிலவற்றைப் பாலோடு கொடுத்தால் பலன் குறையும். டொக்சிசைக்கிளின் அப்படி, பாலில் இருக்கும் கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருந்தின் பெயர் தெரியாமல் எதையும் கலக்கச் சொல்ல எனக்குப் பயம்.

ஐந்து நாய் வீடு (பழைய உறுப்பினர்), 9.03
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. மிருகத்துக்கு மருந்து கொடுப்பது சுவை விஷயமல்ல, பழக்க விஷயம். நான் 1994 முதல் நாய் வளர்க்கிறேன். ஈரலை அவித்து மூன்று துண்டு எடுங்கள். முதல் துண்டு வெறுமனே. இரண்டாவதற்குள் குளிசை. மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்டியபடி இரண்டாவதைக் கொடுங்கள். மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். பூனைக்குச் சுவை மொட்டுகள் 500கூட இல்லை, மனிதனுக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. கசக்கிறது என்பதெல்லாம் நீங்கள் கொடுத்த செல்லம்.

மருதானை நூரா, 9.06
நுரை எவ்வளவு நேரம் வந்தது? என் பூனைக்கு முதல் தடவை வந்தபோது விசர் என்று நினைத்து வீடே அழுதது. மருந்தின் கசப்புக்குத்தான் அப்படி வந்தது என்று பிறகு டொக்டர் சொன்னார்.

கடலோரக்கிளி, 9.10
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பாமசி உறையில் மெட்ரோனிடசோல் 200 என்று இருக்கிறது. ஒரு வேளைக்குக் கால் குளிசை, நாளுக்கு 2 தடவை, 7 நாள். வயிற்றோட்டத்துக்குத் தந்தது. பூனை 4 கிலோ இருக்கும், பெயர் சீனி. நுரை ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது கட்டிலுக்குக் கீழேதான்.

பேராதனை மாணவி, 9.22
மெட்ரோனிடசோல் என்றதும் எல்லாம் விளங்குகிறது, அக்கா. பூனைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் மிகக் கசப்பானவற்றில் இதுவும் ஒன்று. கால் குளிசையாக உடைத்தால் உடைந்த பக்கம் நேரே நாக்கில் படும். இடித்துக் கரைத்தால் வாய் முழுக்கப் பரவும். அதனால்தான் நுரை. கசப்பைக் கழுவத்தான் பூனை அவ்வளவு எச்சிலைச் சுரக்கிறது. சீனி மேல் பிழை இல்லை, உங்கள் மேலும் இல்லை.

மாமி, தேன் பூனைக்கு உதவாது. பூனைகளுக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உருவாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிவிட்டது என்று 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் பாணி மருந்தில் ஸ்ட்ராபெரி, சீனி என்று போடுவதெல்லாம் பூனைக்கு வெறும் பிசுபிசுப்புத்தான். ஐந்து நாய் வீட்டு அண்ணா சொன்னபடி சுவை மொட்டு குறைவு, அது சரி. ஆனால் கசப்பை உணரும் ஏற்பிகள் பூனைக்கு நன்றாக வேலை செய்கின்றன. இறைச்சி தின்னும் மிருகத்துக்குக் கசப்பு என்றால் நஞ்சு என்றுதான் பொருள்.

ஈரல் வித்தை நாய்க்கு அருமையாகப் பலிக்கும், ஏனென்றால் நாய் விழுங்கும். பூனை மணந்து பார்த்து, கடித்து, நடுவில் இருப்பதை மட்டும் துப்பும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம்: வழக்கமாகச் சாப்பிடும் உணவில் மருந்தைக் கலக்காதீர்கள். ஒரு தடவை கசந்தால் அந்த உணவையே நாள் கணக்கில் தொடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொஞ்சம் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பாலையும் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

தெஹிவளை பாலா, 9.27
அப்படியானால் மாசிதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனிப்பு இல்லை, மீன் உண்டு.

பேராதனை மாணவி, 9.30
மீன் சுவை பூனைக்குப் பிடிக்கும், உண்மை. சூரை மீனில் இருக்கும் உமாமி என்ற இறைச்சிச்சாற்றுச் சுவையைப் பூனையின் நாக்கு நன்றாகப் பிடிக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் மெட்ரோனிடசோலின் கசப்பை மாசி மூடாது, பாலா அண்ணா. உங்கள் பூச்சி மருந்து இவ்வளவு கசந்திருக்காது. மாசியில் உப்பும் உண்டு, வயிற்றோட்டத்தில் கிடக்கும் பூனைக்கு அது வேண்டாம். குளிசை கொடுத்த பிறகு பரிசாக மீன் கொடுக்கலாம்.

தெஹிவளை பாலா, 9.33
கருவாட்டுக்குத்தான் உப்பு அதிகம். மாசி அவித்து, புகையூட்டி, வெயிலில் காய வைப்பது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கடலோரக்கிளி, 9.35
மன்னிக்க வேண்டும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சைவம். மாமியார் வீட்டில்தான் இருக்கிறோம், சமையலறைக்குள் மீன், ஈரல் ஒன்றும் வராது.

ஐந்து நாய் வீடு, 9.37
முக்கால் மணி நேரமாக எல்லாரும் மீனைப் பற்றி எழுதுகிறோம். இதை முதல் வரியில் சொல்வதற்கு என்ன?

சிவன் அடியான், 9.40
சகோதரி, கவலை வேண்டாம். எங்கள் வீட்டிலும் பூனை உண்டு. 9 வருடமாகத் தயிர்ச்சோறும் நெய்ச்சோறும் பாலும்தான். மீன் வாசனையே காட்டியதில்லை. சுகமாக இருக்கிறது. குளிசையைத் தயிர்ச்சோற்றில் உருட்டிக் கொடுங்கள்.

தெஹிவளை பாலா, 9.42
பூனையைச் சைவமாக்குவது பாவம். அது கேட்டு வந்த விரதமா?

சிவன் அடியான், 9.45
கொல்லாமல் வளர்ப்பது பாவமா? எங்கள் பூனை எந்த வருத்தமும் இல்லாமல் இருக்கிறது. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

பேராதனை மாணவி, 9.49
ஐயா, உங்கள் பூனை வெளியே போய் வருமா? எலி, பல்லி, ஓணான் பிடிக்கும் என்றால் தேவையானதை அங்கே எடுத்துக்கொள்கிறது. பூனையின் உடலால் டோரின் என்ற சத்தைப் போதிய அளவு செய்ய முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. டோரின் இல்லாவிட்டால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். அந்த இதய வருத்தத்துக்குக் காரணம் இதுதான் என்று 1987இல்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு பூனை உணவு செய்யும் நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. மாடிவீட்டில் அடைந்து வாழும் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் என்றால், மெதுவாகக் குருடாகும். உங்கள் நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

சிவன் அடியான், 9.53
வெளியே போகும்தான். அது என்ன செய்கிறது என்று நான் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை.

கடலோரக்கிளி, 9.54
சீனிக்குப் பாக்கெட் உணவுதான், அதை மாமியார் பல்கனியில் வைத்துக் கொடுக்க விடுகிறார். சண்டை வேண்டாம். 10 மணி ஆகப் போகிறது.

மருதானை நூரா, 9.58
தங்கச்சி, நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கும் இதே மருந்து, இதே நுரை. சுவை சேர்க்கும் எண்ணத்தையே விட்டேன். கசப்பு நாக்கில் படாமல் செய்வதுதான் வழி. வெற்று மாத்திரைக் கூடு வாங்குங்கள். இலக்கம் கூடக் கூடக் கூடு சிறிதாகும், பூனைக்கு 3 அல்லது 4 போதும். கால் குளிசையை இன்னும் இரண்டாக உடைத்து உள்ளே போட்டு மூடுங்கள். வெளியே மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கையையும் கழுவுங்கள். நான் ஆயுள்வேத மருந்து செய்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். வழக்கமான கூடு மிருக ஜெலட்டினில் செய்வது, எங்களுக்கும் அது பிரச்சினை, அதனால் செடிநாரில் செய்த கூடாகக் கேட்டேன். உங்கள் மாமியாருக்கும் அது மனத்துக்குச் சரியாக இருக்கும்.

இன்றைக்குக் கூடு கிடைக்காது. கால் குளிசையை உருகாத நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி, குளிரூட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். பூனையைத் துவாயில் சுற்றி, முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி வைத்துக்கொண்டு, தலையைச் சற்று உயர்த்தி, நாக்கின் பின்பக்கத்தில், அதாவது தொண்டைக்குக் கிட்ட வையுங்கள். நுனியில் வைத்தால் துப்பும். வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

பேராதனை மாணவி, 10.02
நூரா அக்கா சொன்னது மிகச் சரி. ஒன்று சேர்க்கிறேன்: கூடோ குளிசையோ விழுங்கிய பிறகு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 மில்லிலீற்றர் தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாக மெதுவாக விடுங்கள், அப்போது தலையை நிமிர்த்த வேண்டாம், புரை ஏறும். இல்லாவிட்டால் பாக்கெட் உணவில் ஒரு வாய் கொடுங்கள். காய்ந்த குளிசை பூனையின் உணவுக்குழாயில் நின்றுவிடும். டொக்சிசைக்கிளின் அப்படி நின்று புண்ணாக்கிக் குழாயையே சுருக்கிவிடுவதுண்டு. இன்று முடியவே இல்லை என்றால் நாளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், டொக்டரிடம் கதையுங்கள். இந்த மருந்து மிஞ்சினால் பூனை தள்ளாடும்.

புறக்கோட்டை ராஜன், 10.11
பிள்ளைகளுக்கு விற்கும் மெட்ரோனிடசோல் பாணி மருந்து கசக்காதே, அதைக் கொடுத்தால் என்ன?

பேராதனை மாணவி, 10.18
அது மெட்ரோனிடசோல் பென்சோயேட். தண்ணீரில் கரையாததால்தான் கசப்பு தெரிவதில்லை. ஆனால் அதன் 100 மில்லிகிராமில் மெட்ரோனிடசோல் ஏறக்குறைய 62 மில்லிகிராம்தான், கணக்கு மாறும். அதிலிருந்து வரும் பென்சோயிக் அமிலத்தைப் பூனையின் ஈரல் மெதுவாகத்தான் வெளியேற்றும். டொக்டர் அளவைக் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம், நாமாக வேண்டாம்.

பம்பலப்பிட்டி ஜெரி, 10.25
எல்லாரும் மருந்தைச் சுவையாக்கப் பார்க்கிறீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். என் லாப்ரடோருக்கு மூட்டு வலிக்கு இறைச்சிச் சுவை சேர்த்த மெல்லும் குளிசை. அது தானாகவே கேட்டுத் தின்னும், எனக்கும் சந்தோஷம். ஒரு நாள் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். முழுப் போத்தலையும் மூடியோடு கடித்துத் தின்றுவிட்டது. இரத்தமாகச் சத்தி, நான்கு நாள் சேலைன், சிறுநீரகம் தப்பியது கடவுள் புண்ணியம். நாய்க்கு அது மருந்து என்று தெரியாது. சுவையான மருந்தைப் பூட்டி வையுங்கள், தயவுசெய்து.

ஐந்து நாய் வீடு, 10.31
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டில் எல்லா மருந்தும் பூட்டிய இரும்பு அலுமாரியில். நாய் வைத்திருப்பவர்கள் பீநட் பட்டரில் குளிசை வைப்பதாக இருந்தால் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இல்லையா என்று போத்தலைப் படியுங்கள். அது நாயின் இரத்தச் சீனியைச் சட்டென்று இறக்கி ஈரலைக் கெடுக்கும். சூப் கட்டியும் வேண்டாம், வெங்காயத் தூள் இருக்கும். நாய், பூனை இரண்டின் இரத்தத்துக்கும் கூடாது. கிளி, சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். எனக்கு நாய்தான் தெரியும், பூனை தெரியாது.

கொட்டாஞ்சேனை மாமி, 10.40
தேன் பூனைக்குத் தெரியாது என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் எங்கள் வீட்டுப் பூனைக்குப் பாயாசம் வைத்தேனே. பிள்ளை, குளிசை உள்ளே போனதா?

மருதானை நூரா, திங்கள் காலை 7.15
என்ன நடந்தது, தங்கச்சி?

தெஹிவளை பாலா, திங்கள் மாலை 6.20
சொல்லிவிட்டுப் போங்கள்.

கடலோரக்கிளி, புதன் இரவு 9.05
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு இரவு நெய்யோடு இரண்டாவது தடவையில் போய்விட்டது. செவ்வாய் முதல் செடிநார்க் கூடு, நுரை இல்லை. பிடித்துக்கொள்வது மாமியார்தான். வயிறு இறுகிவிட்டது. எல்லாருக்கும் மிக்க நன்றி.

பேராதனை மாணவி, புதன் இரவு 9.12
வயிறு இறுகினாலும் 7 நாளையும் முடியுங்கள், அக்கா. மாமியாருக்கு என் வணக்கம்.

வத்தளை குமார், வெள்ளி காலை 10.30
இதே போல முயலுக்குக் கொடுக்க முடியுமா? அவசரம்.

மருதானை நூரா, வெள்ளி காலை 10.44
என்ன மருந்து?