காய்ந்துபோன லைவ் ராக்கை எப்படித் தயார் பண்றது?

கேள்வி (நாகர்கோவில்): மாடியில காஞ்சு கிடந்த 15 கிலோ லைவ் ராக் (கடல்மீன் தொட்டியில வைக்குற, நல்ல பாக்டீரியா குடியிருக்குற துளைக்கல்லு) கிடைச்சிருக்கு. நேரா தொட்டியில போடலாமா? முட்டம் கடல்தண்ணி போதுமா?

பதில்: போட்டுராதீங்க அண்ணாச்சி. கல்லோட துளைக்குள்ள செத்த கடற்பஞ்சும் புழுவும் ஊறி அழுகும்; அமோனியா எகிறி மீன் சாகும். பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லதண்ணியில 2 நாள் ஊறவிட்டு அலசுங்க. அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முல உப்புத்தண்ணி: அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்றுற சின்ன மோட்டார்) நிக்கவே கூடாது. லைட் வேண்டாம், பாசி பிடிக்கும். வாரம் பாதித் தண்ணி மாத்துங்க. அடியில படியுற பழுப்புத் தூளை டியூப் வச்சு உறிஞ்சிருங்க, நாத்தமே அதுலதான்.

பதில்: கடல்தண்ணின்னா துறைமுகத்துக்குள்ள மோக்காதீங்க, டீசல் மிதக்கும். ஆனி, ஆடியில கடல் கலங்கல். ஆத்துவாய் பக்கம் மழைக்கு உப்பு குறையும். ஆர்.ஓ. தண்ணியில அக்வேரிய உப்பு கரைக்கிறதே நிம்மதி. சமையல் உப்பு ஆகாது.

பதில்: அமோனியா பூஜ்யம்னா அதைத் தின்னுற பாக்டீரியா கல்லுல வந்துருச்சுன்னு அர்த்தமில்ல. அமோனியம் குளோரைடு விட்டு அமோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்துல 2 பங்கு) ஆக்குங்க; 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானா தயார். 4 முதல் 8 வாரம் ஆகலாம். பாஸ்பேட்டும் பாருங்க, பழைய கல்லு மாசக்கணக்கா கசியவிடும்.

இன்னொண்ணு, கல்லு பத்தலேன்னு கரையில ஒதுங்குற பவளத்தைப் பொறுக்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.