விக்கிக் கட்டுரைகளை நூலாக்கும் கருவி: முதலில் எதைச் சரிசெய்வது?

ஏட்டுச்சுவடி:

எங்கள் குழுவின் விக்கியில், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் 'கலெக்‌ஷன்' நீட்சியைப் போட்டிருக்கிறோம். கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இயல் பிரித்து, நூலாக இறக்கிக்கொள்ளும் அந்தக் கருவிதான். போன வாரம் பொறுமையாக உட்கார்ந்து வானியல் கட்டுரைகள் 43 சேர்த்தேன், ஏழு இயல்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நூல் காலி. தளத்தோடு இருந்த தற்காலிக அமர்வு முடிந்துவிட்டதாம். பட்டியல் அமர்வில் மட்டும்தான் இருக்கும், தனியாகப் போய்ச் சேமிக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. புகுபதிகை செய்துதானே உட்கார்ந்திருந்தேன்? தானாகச் சேமித்தால் என்ன?

இன்னொன்று. 'இப்பக்கத்தைச் சேர்' என்று அழுத்தினால் பக்கம் எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் போய் உட்காருகிறது. 'வால்வெள்ளி'யை இரண்டாம் இயலில் வைக்க வேண்டுமென்றால், நூல் பக்கத்துக்குப் போய் நாற்பது வரிகளைத் தாண்டி மேலே இழுத்துக்கொண்டு வர வேண்டும். சேர்க்கும்போதே எந்த இயல் என்று கேட்கக் கூடாதா? இறக்குவதற்கு முன் ஒரு முன்தோற்றமும் வேண்டும். இந்த மூன்றையும் செய்தாலே கருவி பிழைத்துக்கொள்ளும் என்பது என் கட்சி.

அரைப்புள்ளி:

பிழைக்காது. இந்தக் கருவியின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும், விக்கி நூல்களை அச்சிட்டுத் தரும் பீடியாபிரஸ் நிறுவனமும் சேர்ந்து 2007 கடைசியில் அறிவித்தார்கள். முதலில் பைத்தான் மொழியில் எழுதிய 'எம்டபிள்யூலிப்' என்ற நிரல், விக்கிக் குறிகளோடு இருக்கும் மூல உரையைத் தானே படித்து பிடிஎஃப் ஆக்கியது. 2014-இல் அதை எடுத்துவிட்டு லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மொழி வழியாகப் போகும் ஓசிஜி என்ற இயந்திரம் வந்தது. அட்டவணைகள் காணாமல் போயின. கட்டுரையின் ஓரத்தில் சுருக்க விவரம் தரும் தகவற்சட்டமும் அட்டவணைதான், அதுவும் போனது. 2017-இல் ஓசிஜியையும் அணைத்துவிட்டார்கள். இத்தனை காலமும் 'இப்பக்கத்தைச் சேர்' பொத்தான் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. செத்தது பின்னால் இருந்த அச்சாக்கி. சுவர் இருந்தால்தானே சித்திரம்?

தானாகச் சேமிப்பது பற்றி: சேமித்த நூல் என்பது உங்கள் பயனர்வெளியில் ஒரு விக்கிப் பக்கம். சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதைச் சேமித்தால் எல்லாரும் செய்த மாற்றங்களைக் காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் உங்கள் 43 திருத்தங்கள் வரிசையாக நிற்கும். அந்த மாற்றங்களைச் சுற்றுக்காவல் பார்ப்பவர் உங்களைத் தேடி வருவார்.

ஏட்டுச்சுவடி:

வரட்டும். 43 கட்டுரையை மறுபடி சேர்ப்பதைவிட அது பரவாயில்லை. நீங்கள் சொல்லும் சுவரைக் கட்ட ஆறு மாதம் ஆகும், அதுவரை யாரும் உள்ளே வரக்கூடாதா?

மெய்ப்புப்பார்ப்பவர்:

இருவரும் பொத்தானையும் இயந்திரத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே வரும் நூலை யாராவது படித்துப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். எங்கள் விக்கியில் 18 கட்டுரைகளின் எச்டிஎம்எல்லை, அதாவது உலாவி படிக்கும் பக்க வடிவை, அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நூலாக்கியிருந்தார்கள். ஒன்பதாவது கட்டுரையில் [3] என்ற அடிக்குறிப்பைச் சொடுக்கினால் முதல் கட்டுரையின் மூன்றாம் குறிப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டுரையிலும் குறிப்புகளின் அடையாளப் பெயர் ஒரே மாதிரி ஒன்றிலிருந்து தொடங்குவதால் வந்த வினை. தலைப்பு மட்டங்களும் அப்படித்தான். இயலின் தலைப்பும் கட்டுரைக்குள் வரும் 'வரலாறு' என்ற துணைத்தலைப்பும் ஒரே அளவில் நின்றால் உள்ளடக்கப் பக்கத்தில் 'வரலாறு, வரலாறு, வரலாறு' என்று பதினெட்டு தரம் வரும். வந்தது.

படங்கள் இன்னொரு தலைவலி. திரைக்கென்று வைத்த 220 படப்புள்ளிச் சிறுபடத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் போட்டால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்.

தமிழுக்கென்று ஒன்று தனியாக உண்டு. எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகத்தில் 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உலாவியை வைத்தே பிடிஎஃப் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நூலுக்குள் இணைப்பு இருந்த இடத்தில் 'பக்கம் 42 காண்க' என்று எண் வர வேண்டுமே? பேஜ்ட்ஜேஎஸ், வீஸிபிரின்ட் போன்ற, தாள் வடிவமைப்புக்கென்றே உள்ள கருவிகளில் அது, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு வரி.

அதனால் ஏட்டுச்சுவடி கேட்ட முன்தோற்றத்துக்கு மட்டும் என் ஓட்டு. இந்தப் பிழைகள் இறக்கும் முன்பே கண்ணில் பட வேண்டும்.

சும்மா_வந்தவன்:

ஒரு சின்னக் கேள்வி. இன்றைக்குச் சேர்த்து அடுத்த மாதம் இறக்கினால் எந்தப் பதிப்பு வரும்?

அரைப்புள்ளி:

பெயரை மட்டும் சேர்த்திருந்தால் இறக்கும் நாளில் இருப்பது வரும். குறிப்பிட்ட திருத்தத்தின் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் விக்கி தரும் எண்ணை, சேர்த்திருந்தால் அந்தப் பதிப்பு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: எண்ணைக் கட்டிப்போட்டாலும் வார்ப்புருக்களும் (பல கட்டுரைகள் பொதுவாக எடுத்துப் போடும் துண்டுகள்) படங்களும் இறக்கும் நாளின் நிலையிலேயே வரும். பழைய உரையில் புதிய வார்ப்புரு உட்கார்ந்துகொள்ளும்.

ஏட்டுச்சுவடி:

பார்த்தீர்களா, இதையும் கருவி எங்கேயும் சொல்வதில்லை. திருத்த எண்ணோடு சேர்ப்பதே இயல்பாக இருக்க வேண்டும். நான் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உரைதானே நூலில் வர வேண்டும்?

அரைப்புள்ளி:

நீங்கள் சேர்த்த நிமிடம் யாரோ விளையாட்டாக வியாழனுக்கு மூன்று நிலாதான் என்று மாற்றியிருந்தால்? அடுத்தவர் ஐந்து நிமிடத்தில் மீளமைத்துவிடுவார். உங்கள் நூலில் மட்டும் மூன்று நிலா நிரந்தரமாக இருக்கும். புதிய பதிப்பே வரட்டும். 'நீங்கள் சேர்த்த பிறகு இந்த 6 கட்டுரைகள் மாறியுள்ளன' என்று முன்தோற்றத்தில் காட்டினால் போதும். ஆக, முன்தோற்றத்துக்கு நானும் வந்துவிட்டேன். சந்தோஷமா?

ஏட்டுச்சுவடி:

பாதி சந்தோஷம். சேமிப்பில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஒவ்வொரு தடவையும் விக்கிப் பக்கமாக வேண்டாம். எனக்கு மட்டும் தெரியும் வரைவாகத் தரவுதளத்தில் இருக்கட்டும், 'நூலை வெளியிடு' என்று அழுத்தும்போது மட்டும் பக்கமாகட்டும். அண்மைய மாற்றங்களில் ஒரே ஒரு வரி.

அரைப்புள்ளி:

அதற்குத் தடையில்லை. எழுதப்போவது நீங்கள்தானே?

ஏட்டுச்சுவடி:

வரைவு என் திறமைக்கு மீறியது. இயலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை வேண்டுமானால் இந்த வார இறுதியில் முயல்கிறேன்.

மெய்ப்புப்பார்ப்பவர்:

முன்தோற்றத்துக்குச் சோதனை நூல் ஒன்று தேவைப்படும். ஏட்டுச்சுவடி, அந்த 43 கட்டுரைகளின் பட்டியல் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஏட்டுச்சுவடி:

இல்லை. அதுதானே என் புகாரே.