ஹாப்ஸ் கொடி மாடி உயரம் ஏறிடுச்சு, பூ மட்டும் வரல, அவசர உதவி

செம்பருத்தி07: ஹாப்ஸ் வச்சிருக்கேன், பீருக்குக் கசப்பு சேர்க்குற பூ காய்க்குமே அந்தக் கொடி, கயித்துல கிடுகிடுன்னு ஏறி மாடியைத் தொட்டுடுச்சு, இலை எல்லாம் கரும்பச்சையா சூப்பரா இருக்கு ஆனா ஒரு பூ கூட இல்ல. எல்லாருக்கும் வந்துடுச்சாம். என்ன உரம் போடணும், சீக்கிரம் சொல்லுங்க

மண்வெட்டி: விதையா கிழங்கா? எத்தனாவது வருஷம்? தொட்டியா தரையா? வெயில் எவ்வளவு நேரம்? இதெல்லாம் சொல்லாம என்னன்னு சொல்றது

தோட்டக்கிறுக்கன்: நைட்ரஜன் ஜாஸ்தி. இலை கரும்பச்சைன்னு அவரே சொல்றாரே. உரத்தை நிறுத்துங்க, தானா பூக்கும்

வேர்ப்புழு: குளிர் பத்தலப்பா, ஹாப்ஸுக்கு குளிர்காலம் முழுக்க உறக்கம் வேணும், இல்லன்னா பூக்காது

முதுவேர்: இந்தக் கேள்விக்கு இங்க ஏற்கனவே பல தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்குற பழக்கமே யாருக்கும் இல்ல. ஹாப்ஸ்ல ஆண் தனி பெண் தனி. உங்களுக்கு வேணுங்கற கோன், அதாவது கூம்பு மாதிரி வர்ற பூங்கொத்து, அதுக்குள்ள இருக்குற மஞ்சப் பொடி லுபுலின், ரெண்டும் பெண் கொடில தான். விதை போட்டு வளர்த்திருந்தா ஆணாவும் இருக்கலாம். இது கூட தெரியாம எதுக்கு வைக்கிறீங்களோ.

செம்பருத்தி07: கிழங்கு தான் சார், கேஸ்கேட், ரெண்டாவது வருஷம், தரைல சுவர் ஓரமா. வெயில் நல்லா வருது

முதுவேர்: கேஸ்கேட் பெண் ரகம். சரி. இதை முதல்லயே சொல்லிருக்கலாம்.

மண்வெட்டி: வேர்ப்புழு, அந்தக் குளிர் கதை பழசு. 2019ல கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வுல குளிர் உறக்கம் இல்லாமயே பூத்துச்சு, விளைச்சலும் குறையல

வேர்ப்புழு: ஆய்வுக்கூடத்துல எது வேணா பூக்கும். என் அனுபவத்துல குளிர் நல்லா அடிச்ச வருஷம் தான் அள்ளினேன்

மண்வெட்டி: அந்த வருஷம் வேற எதுவுமே மாறலையா, தண்ணி வெயில் எல்லாம் அப்படியே இருந்துச்சா?

வேர்ப்புழு: உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது விடுங்க

ராத்திரிப்பூ: சண்டைய நிறுத்துங்கப்பா. செம்பருத்தி, ராத்திரி அந்தக் கொடி பக்கத்துல லைட் ஏதாவது எரியுதா?

செம்பருத்தி07: சுவர்ல ஒரு ஃபோகஸ் லைட் இருக்கு, நாய் அங்க தான் படுக்கும் அதனால விடிய விடிய எரியும். அதுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

ராத்திரிப்பூ: அதான் காரணமா இருக்கும். பகல் நீளமா இருக்குறப்போ இது ஏறிக்கிட்டே இருக்கும், பகல் குறைஞ்சு ராத்திரி நீள ஆரம்பிச்சா தான் பூவுக்குத் திரும்பும், அதுக்குள்ள கணுவும் போதுமான அளவு வந்திருக்கணும், உங்க கொடில அது இருக்கும்னு தோணுது. ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சா அதுக்கு இன்னும் கோடை முடியலன்னு தான் அர்த்தம். அணைச்சுப் பாருங்க, இல்ல திருப்பி வைங்க

தோட்டக்கிறுக்கன்: லைட்டும் இருக்கட்டும், நைட்ரஜனும் நிறுத்துங்க

மஞ்சக்கிழங்கு: ஒரு நிமிஷம், கொடிக்குக் கீழ நாயா??? ஹாப்ஸ் நாய்க்கு விஷம், தின்னா உடம்பு சூடு கட்டுக்கடங்காம ஏறும், செத்தே போகலாம். பூத்து உதிர ஆரம்பிக்கிறதுக்குள்ள நாயை வேற இடத்துக்கு மாத்துங்க

முதுவேர்: காஞ்ச கோனும், காய்ச்சி எடுத்த சக்கையும் கூட ஆபத்து தான். மிச்சத்தைக் குப்பைல திறந்து போடாதீங்க.

தோட்டக்கிறுக்கன்: எங்க நாய் இலையத் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல

மஞ்சக்கிழங்கு: அதை நம்பி அடுத்தவங்க நாயைப் பணயம் வைக்காதீங்க. தின்னது தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட ஓடணும்

செம்பருத்தி07: நாயை மாத்தியாச்சு, லைட்டும் அணைச்சு கொஞ்ச வாரமாச்சு. மேல கணுவுல குட்டிக் குட்டியா வெள்ளை முடி நீட்டின மாதிரி ஏதோ வருது, பூச்சியா?

ராத்திரிப்பூ: அது தான் பூ, கை வைக்காதீங்க! போட்டோ போடுங்க

ராத்திரிப்பூ: செம்பருத்தி? போட்டோ?